உடும்பு எப்படி மானிட்டர் ஆச்சு? பல்லி, ஓணான் வகைங்களோட இங்கிலீஷ் பேருக்கு பூர்வீகம் தேடுறது எப்படி

உடும்புக்கு இங்கிலீஷ்ல மானிட்டர் லிசர்ட்னு பேரு. ஏன் மானிட்டர்னு நெட்ல தேடுனீங்கன்னா ரெண்டு பதில் தான் சுத்திச் சுத்தி வரும். ஒண்ணு, அது பின்னங்கால்ல எந்திரிச்சு நின்னு சுத்துமுத்தும் நோட்டம் விடும், அதாவது மானிட்டர் பண்ணும், அதனால அந்தப் பேரு. இன்னொண்ணு, அரபில அதுக்கு வரல், வரன்னு பேரு, அது ஐரோப்பாக்காரங்க காதுல வார்ன்னு விழுந்து, எச்சரிக்கிற பல்லின்னு ஆகி, லத்தீன்ல மானிட்டர் ஆயிடுச்சு. முதல் கதை நிக்கவே நிக்காது. ரெண்டாவதுல பாதி தேறும். எதுலேர்ந்து இத சொல்றேன், இதே மாதிரி எந்தப் பல்லி ஓணான் பேரையும் நீங்களே எப்படி தோண்டிப் பாக்கலாம்னு கீழ எழுதுறேன். போனும் நெட்டும் இருந்தா போதும், காசு எதுவும் வேணாம், பொறுமை மட்டும் கொஞ்சம் ஜாஸ்தியா வேணும்.

முதல்ல எந்த உயிரினம்னு முடிவு பண்ணுங்க

இத எல்லாரும் தாண்டிப் போயிடுறாங்க, பாதி குழப்பம் இங்கேர்ந்து தான் ஆரம்பிக்குது. இங்கிலீஷ் பொதுப்பேரு ஒரே பிராணியோட ஒட்டிக்கிட்டே இருக்காது, ஊருக்கு ஊரு கை மாறும். உதாரணத்துக்கு இகுவானா அமெரிக்க கண்டத்து பிராணி, நம்ம பக்கம் கிடையவே கிடையாது, ஆனா 19ம் நூற்றாண்டுல இந்தியாவுலயும் இலங்கையிலயும் இருந்த வெள்ளக்காரங்க எழுதினத படிச்சா வீட்டுப் பக்கம் இகுவானா வந்துச்சு, கோழி முட்டைய தின்னுச்சுன்னு சாதாரணமா எழுதியிருப்பாங்க, அதெல்லாம் நம்ம உடும்பு தான். இலங்கை உயிரினங்கள பத்தி எமர்சன் டெனன்ட் எழுதினதுல சிங்களத்துல தலகொயான்னு சொல்ற உடும்பையே இகுவானான்னு தான் போட்டிருப்பார். இது தெரியாம தேட ஆரம்பிச்சா ஒரு பிராணியோட கதைய இன்னொண்ணு தலையில கட்டிடுவீங்க.

அதனால அறிவியல் பேர புடிங்க. ரெப்டைல் டேட்டாபேஸ்னு ஒரு இலவச வெப்சைட் இருக்கு, உலகத்துல இருக்குற ஊர்வன எல்லாத்துக்கும் தனித்தனி பக்கம். அதுல ஒரு இனத்த எடுத்தா யார் எந்த வருஷம் பேரு வெச்சாங்க, அதுக்கு முன்னாடி பின்னாடி என்னென்ன பேரெல்லாம் மாறுச்சு, என்னென்ன இங்கிலீஷ் பேரு புழங்குதுன்னு வரிசையா இருக்கும், நிறைய இனங்களுக்கு அறிவியல் பேரோட விளக்கமும் இருக்கும். நம்ம வேலிமேல உக்காந்திருக்குற ஓணான எடுத்தீங்கன்னா கலோட்டஸ் வெர்சிகலர், 1802ல தோதாங்கற பிரெஞ்சுக்காரர் அகாமா வெர்சிகலர்னு பேரு வெச்சது. இந்த வருஷத்த நோட் பண்ணிக்கோங்க, எல்லாமே கடைசில வருஷக் கணக்குல தான் வந்து நிக்கும்.

கிடைச்ச எல்லா இங்கிலீஷ் பேரையும் கொட்டி, பிரிச்சு பாருங்க

ஓணானுக்கு மட்டுமே இங்கிலீஷ்ல பிளட்சக்கர், சேஞ்சபிள் லிசர்ட், ஓரியண்டல் கார்டன் லிசர்ட்னு பல பேரு. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வழியா வந்தது, ஒரே கதைல எல்லாத்தையும் அடக்க முடியாது. சேஞ்சபிள் லிசர்ட் இருக்கே, அது வெர்சிகலர்ங்கற லத்தீன அப்படியே இங்கிலீஷ்ல சொன்னது, புத்தகத்துலேர்ந்து இறங்கி வந்த பேரு. சிங்கப்பூர்ல இருக்குறவங்களுக்கு இந்தப் பேரு தான் பழக்கம், அங்க இந்த ஓணான் 1980கள்ல தான் வெளியிலேர்ந்து வந்து பரவுச்சு, வந்து அங்கேயே இருந்த பச்சை ஓணான ஓரங்கட்டிடுச்சு. கார்டன் லிசர்ட் வந்து அடையாளம் காட்டுற புத்தகத்துக்காக வெச்ச சாதுவான பேரு, அதுல தோண்ட ஒண்ணும் இல்ல. பிளட்சக்கர் தான் சனங்க வாயிலேர்ந்து வந்தது, அதுக்கு கீழ வரேன்.

பொதுவா ஒரு பல்லியோட பேரு அது போடுற சத்தத்துலேர்ந்து வந்திருக்கலாம், ஊர் ஆத்துலேர்ந்து வந்திருக்கலாம், அந்த மண்ணோட ஜனங்க வெச்ச பேர வெளியாளுங்க தப்பும் தவறுமா சொன்னதா இருக்கலாம், இல்ல அதப் பத்தின நம்பிக்கைலேர்ந்து வந்திருக்கலாம். ஊர்ப்பேரு ரொம்ப ஈஸி. கீலா மான்ஸ்டர்னு ஒரு அமெரிக்கப் பல்லி, அந்தப் பேர்ல இருக்குற கீலா, அமெரிக்காவுல நியூ மெக்ஸிகோ அரிசோனா வழியா ஓடுற ஆறு, அவ்ளோ தான், பத்து நிமிஷ வேலை. (அதோட அறிவியல் பேர்ல சஸ்பெக்டம்னு இருக்கும், 1869ல பேரு வெச்ச கோப்ங்கற அமெரிக்கருக்கு இது விஷம் உள்ளதா இருக்குமோன்னு சந்தேகம், சந்தேகத்தையே பேரா வெச்சுட்டார், விஷம் இருக்குன்னு பின்னாடி உறுதியும் ஆயிடுச்சு.) கொமோடோ டிராகன்ல கொமோடோ தீவு, அது சரி, டிராகன் எங்கேர்ந்து வந்துச்சுன்னு பாத்தா 1912ல அவுவன்ஸ் அறிவியல் பேரு வெச்சப்ப அவரப் பொறுத்தவரைக்கும் அது ஒரு பெரிய உடும்பு தான், அந்த தீவு ஜனங்களுக்கு அது ஓரா. 1926ல டக்ளஸ் பர்டன்னு ஒரு அமெரிக்கர் அங்க போய் புடிச்சுட்டு வந்து, அடுத்த வருஷம் போட்ட புத்தகத்துக்கு தலைப்புலயே டிராகன்ன தூக்கி வெச்சார், அதுக்கப்புறம் தான் உலகம் பூரா அந்தப் பேரு புடிச்சுக்கிச்சு. விளம்பரத்துக்கு இருக்குற பவர் அது.

சத்தத்துலேர்ந்து வந்த பேருக்கு காத நம்புங்க. டோக்கே கெக்கோன்னு ஒரு பல்லி, அது கத்துறத யூடியூப்ல போட்டு கேளுங்க, முதல்ல ஒரு கரகரப்பு, அப்புறம் டொக்...கே, டொக்...கேன்னு நிறுத்தி நிறுத்தி, கடைசில காத்து இறங்கின மாதிரி இழுத்து முடிக்கும். தாய்லாந்துல துக்கே, இந்தோனேசியாவுல தொகேக், பிலிப்பைன்ஸ்ல துக்கோ. கெக்கோங்கற வார்த்தையும் மலாய்ல அந்த மாதிரி ஒரு கத்தல் சத்தத்துலேர்ந்து எடுத்தது தான், ஒரே கத்தல ரெண்டு பேரு ரெண்டு மாதிரி கேட்டு எழுதி, கடைசில ரெண்டையும் சேத்து ஒரே பிராணிக்கு வெச்சாச்சு. இங்க ஒரு பொறி இருக்கு. டோக்கேன்னு தேடுனா ஹங்கேரி ஒயின் வந்து நிக்கும், எழுத்து ஒண்ணு தான், அதுக்கும் இதுக்கும் எந்த சம்பந்தமும் இல்ல.

வருஷத்த தேடுங்க, முக்கியமான வேலையே இது தான்

பேரு அச்சுல முதல்ல எப்ப வந்துச்சுன்னு கண்டுபிடிக்கணும். ஆக்ஸ்போர்டு பெரிய அகராதில ஒவ்வொரு வார்த்தைக்கும் பழைய மேற்கோள் வருஷத்தோட இருக்கும், ஆனா ஆன்லைன்ல சந்தா கட்டணும், உங்க காலேஜ் லைப்ரரில இருக்கான்னு கேளுங்க. நம்ம நாட்டு சமாச்சாரத்துக்கு அதவிட கைகொடுக்குறது ஹாப்சன் ஜாப்சன். யூலும் பர்னெல்லும் 1886ல போட்ட ஆங்கிலோ இந்திய அகராதி, இலவசமா கிடைக்கும், அதுல பிளட்சக்கருக்கும் தனிப்பதிவு இருக்கு, குவானா இகுவானாவுக்கும் இருக்கு, யார் எந்த வருஷம் எழுதினதுல வந்துச்சுன்னு மேற்கோளோட. பிராணி விஷயத்துக்கு பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரின்னு ஒண்ணு இருக்கு, பழைய விலங்கியல் புத்தகமெல்லாம் ஸ்கேன் பண்ணி வெச்சிருக்காங்க, இலவசம், உள்ள வார்த்தை தேடலாம். அப்புறம் இன்டர்நெட் ஆர்கைவ், கூகுள் புக்ஸ்.

கூகுள் புக்ஸ்ல வர்ற வருஷத்த அப்படியே எழுதிடாதீங்க. பத்திரிகைகளுக்கு முதல் இதழ் வந்த வருஷத்தையே எல்லா இதழுக்கும் போட்டு வெச்சிருக்கும், 1790னு காட்டும், திறந்து பாத்தா 1850 சமாச்சாரம் இருக்கும். ஸ்கேன் பக்கத்த கண்ணால பாத்து, முன்பக்கத்துல இருக்குற வருஷத்தையும் பாத்துட்டு தான் நோட்ல ஏத்தணும்.

இன்னொரு தொல்லை, சுமார் 1800 வரைக்கும் இங்கிலீஷ் அச்சுல வார்த்தைக்கு நடுவுல வர்ற எஸ் எழுத்து பாக்க எஃப் மாதிரியே இருக்கும், கம்ப்யூட்டர் அத எஃப்னே படிச்சு வெச்சிருக்கும். அதனால பழைய புத்தகத்துல தேடுறப்ப எஸ் வர்ற எடத்துல எஃப் போட்டும் ஒரு தடவ தேடணும். பிளட்சக்கர் என்ன வார்த்தையா மாறும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க, ஆபீஸ் கம்ப்யூட்டர்ல மட்டும் தேடாதீங்க.

எழுத்துக்கூட்டல் ஒண்ணையே புடிச்சுட்டு தொங்காதீங்க, அப்பல்லாம் அவங்கவங்க காதுக்கு பட்டத எழுதினாங்க. ஆஸ்திரேலியாவுல உடும்புக்கு கொவானான்னு பேரு, அது இகுவானா தேஞ்சு வந்தது. அத தேடுனா கொவானான்னு மட்டும் போட்டா பிற்காலத்து விஷயம் தான் வரும், குவானா, குவானோன்னும் போடணும். டாம்பியர்ங்கற இங்கிலீஷ் கடலோடி 1699ல ஆஸ்திரேலியாவோட மேற்குக் கரைல ஷார்க் பே பக்கம் இறங்கி, அங்க பாத்த ஒரு பல்லிய ஒரு மாதிரியான குவானோன்னு எழுதினார். தலை பெருசு, அசிங்கமா இருக்கு, வால் இருக்க வேண்டிய எடத்துல மொக்கையா இன்னொரு தலை மாதிரி இருக்குன்னு அவர் சொல்ற அடையாளத்த வெச்சு பாத்தா அது உடும்பே இல்ல, ஷிங்கில்பேக்னு இன்னிக்கு சொல்ற அரணை வகை. இதுல என்ன தெரியுதுன்னா, அந்தக் காலத்து கப்பல்காரங்களுக்கு குவானான்னா குறிப்பிட்ட பிராணி கிடையாது, பெரிய பல்லி எதுவா இருந்தாலும் குவானா. கரீபியன் தீவுல தைனோ ஜனங்க சொன்ன பேரு, ஸ்பானிஷ்காரங்க வாய் வழியா, இங்கிலீஷ் கப்பல் ஏறி, ஆஸ்திரேலியா வரைக்கும் போய் சம்பந்தமே இல்லாத பிராணி மேல உக்காந்துடுச்சு. குவானோன்னு தேடுறப்ப பறவை எச்சத்துல செய்ற உரம் தான் மூட்டை மூட்டையா வந்து கொட்டும், அது தென்னமெரிக்காவுல கெச்சுவா பாஷை வார்த்தை, கூடவே லிசர்ட்னு சேத்து போட்டா கொஞ்சம் வடிகட்டும்.

இப்ப கதைய வருஷத்தோட மோத விடுங்க

மானிட்டருக்கு வருவோம். நோட்டம் விடுறதால மானிட்டர்னு சொல்றாங்கல்ல, அப்ப பல்லியோட பேருக்கு மட்டும் வருஷம் பாத்தா போதாது, அந்தப் பேருக்குள்ள இருக்குற வார்த்தைக்கு அந்த அர்த்தம் எப்ப வந்துச்சுன்னும் பாக்கணும். இங்கிலீஷ்ல மானிட்டர்னா கவனிச்சுக்கிட்டே இருக்குறதுங்கற வினைச்சொல் அர்த்தம் 20ம் நூற்றாண்டுல, ரேடியோ வந்த காலத்துல தான் பரவுச்சு. அதுக்கு முன்னாடி மானிட்டர்னா பெயர்ச்சொல், புத்தி சொல்றவன், எச்சரிக்கிறவன், லத்தீன்ல அதான் அர்த்தம். நம்ம ஸ்கூல்ல பேசுறவங்க பேர போர்டுல எழுதுற கிளாஸ் மானிட்டர் கூட அந்தப் பழைய வழில வந்தவர் தான். லின்னேயஸ் லாசெர்ட்டா மானிட்டர்னு ஒரு பல்லிக்கு பேரு வெச்சது 1758ல. 1758ல இருந்த பேர 1920கள்ல பரவின அர்த்தத்த வெச்சு விளக்க முடியுமா? நோட்டம் கதை அங்கயே காலி.

இப்ப அரபி கதை. உடும்பு வகைங்களோட அறிவியல் பேரான வரானஸ் அரபிலேர்ந்து வந்தது தான், அதுல சந்தேகமில்ல. ஆனா அத அறிவியல் பேரா வெச்சது மெரெம், 1820ல. மானிட்டருக்கும் இதுக்கும் நடுவுல 62 வருஷம் இருக்கு, மானிட்டர் தான் மூத்தது. அப்ப வரானஸ தப்பா புரிஞ்சு மானிட்டர் வந்துச்சுன்னு எழுதியிருந்தா அது தலைகீழ். அரபிச் சொல்லு 1820க்கு ரொம்ப முன்னாடியே பேச்சுல இருந்தது தானேன்னு நீங்க கேக்கலாம், நியாயமான கேள்வி, ஜெர்மன்ல வாரான், வார்ன்-ஐடெக்ஸென்னு எச்சரிக்கைப் பல்லியா சொன்ன பழக்கமும் இருக்கு, அதனால காதுல விழுந்த குழப்பம் கொஞ்சம் தூபம் போட்டிருக்கலாம். ஆனா எச்சரிக்கைங்கற எண்ணத்துக்கு அரபி தேவையே படல.

ஏன்னா அந்த நம்பிக்கை தனியாவே உலாவிக்கிட்டு இருந்துச்சு. முதலை கிட்ட வந்தா இந்தப் பல்லி சீறி மனுஷங்கள எச்சரிக்கும்னு ஒரு நம்பிக்கை. அதுக்கு சாட்சி பேர்லயே இருக்கு. 1768ல லாரெண்டி நீர் உடும்புக்கு சால்வடார்னு பேரு வெச்சார், காப்பாத்துறவர்னு அர்த்தம். இலங்கைல கபரகொயான்னு சொல்ற பெரிய உடும்பு தான் அது, இன்னிக்கும் வரானஸ் சால்வடார் தான். அதுமட்டுமில்ல, தென்னமெரிக்காவுல டெகுன்னு ஒரு பல்லி, உடும்பு குடும்பமே கிடையாது, பாக்க மட்டும் அந்த சாடை, அத பிரெஞ்சுல சோவ்கார்டுன்னு சொன்னாங்க, பாதுகாப்புன்னு அர்த்தம், அதே மாதிரி முதலைக் கதை தான். அரபியே கால் வைக்காத கண்டத்து பல்லிக்கும் அதே மாதிரி பேரு ஒட்டியிருக்குன்னா அரபிச் சொல்ல மட்டும் வெச்சு முடிச்சு போட முடியாது. நிஜத்துல முதலைக்கும் உடும்புக்கும் உள்ள உறவு என்னன்னா, நைல் உடும்பு முதலைக் கூட்ட தோண்டி முட்டைய திருடித் தின்னும், காப்பாத்துறவர் பட்டம் வாங்கின ஆளோட லட்சணம் அது.

டெகு பேர தேடப் போனா இன்னொரு கூத்து மாட்டும். 1648ல மார்க்கிராஃப்னு ஒருத்தர் பிரேசில் உயிரினங்கள பத்தின புத்தகத்துல, துபினாம்பாங்கற அந்த ஊரு பூர்வகுடி ஜனங்க நடுவுல இதுக்கு இன்ன பேருன்னு லத்தீன்ல எழுதி வெச்சார். பின்னாடி வந்தவங்க அத அவசரத்துல படிச்சு, துபினாம்பிஸ்ங்கறது தான் பல்லியோட பேருன்னு எடுத்துக்கிட்டாங்க. இன்னிக்கும் டெகு வகைங்கள்ல ஒரு பகுதிக்கு துபினாம்பிஸ்னு ஒரு ஜனத்தோட பேரு தான் அறிவியல் பேரா நிக்குது. இங்கிலீஷ்ல டெகுன்னு சொல்றது தான் உண்மைல அந்த ஜனங்க பல்லிக்கு சொன்ன வார்த்தைலேர்ந்து வந்தது. அதனால மூல புத்தகம் லத்தீன்லயோ பிரெஞ்சுலயோ இருந்தாலும் அந்த ஒரு வரிய மட்டுமாவது கண்ணால பாருங்க, கூகுள் டிரான்ஸ்லேட் அதுக்கு தாராளமா போதும்.

பிளட்சக்கருக்கு பிராணியையே போய் பாருங்க

சில பேருக்கு அகராதிய விட தோட்டம் நல்ல சாட்சி. வெயில் காலத்துல, இனப்பெருக்க சீசன்ல, ஒரு ஆண் ஓணான் வேலிக் கல்லு மேல உக்காந்திருக்கும், சாம்பலும் பழுப்புமா கல்லோட கல்லா. இன்னொரு ஆண் கிட்ட வந்தா பாருங்க, முன்னங்கால்ல எம்பி எம்பி தண்டால் எடுக்கும், தொண்டை உப்பும், தலையும் கழுத்தும் தோளும் செவசெவன்னு ரத்தம் ஏறின மாதிரி ஆகும், தொண்டை ஓரத்துல கருப்புத் திட்டு ஒண்ணு தெளிவா தெரியும். தோத்துப் போனதுக்கு அந்த செவப்பு நம்ம கண்ணு முன்னாடியே வடிஞ்சு மறுபடி மண் கலர் ஆயிடும். பூச்சி புழு தின்னுற பிராணி, யார் ரத்தத்தையும் குடிக்காது, ஆனா இத தூரத்துலேர்ந்து பாத்தவனுக்கு வாய் நிறைய ரத்தம் குடிச்ச மாதிரி தான் தோணும். ஹாப்சன் ஜாப்சன்லயும் விளக்கம் இது தான், கோவம் வந்தா கழுத்து செவக்குறதால அந்தப் பேருன்னு.

இங்க தான் ரொம்ப பேரு அவசரப்பட்டு ஒரு கோடு போட்டுடுறாங்க. பெங்காலில ஓணானுக்கு ரொக்தோசோஷா, ரத்தம் உறிஞ்சின்னு பேரு இருக்கு. கேரளாவுல ஓந்து தூரத்துலேர்ந்தே பாத்து ரத்தத்த உறிஞ்சும்னு சின்னப் பசங்க தொப்புள பொத்திக்குவாங்க. நம்ம பக்கத்துலயும் ஓணானுக்கு நல்ல பேரு கிடையாது, அணில் ராமருக்கு எளநி குடுத்துச்சு ஓணான் மூத்திரத்த குடுத்துச்சுன்னு சொல்லிச் சொல்லியே கல்லால அடிச்சவங்க எத்தன பேரு. உடனே, ஆஹா நம்ம பாஷைலேர்ந்து தான் இங்கிலீஷ்காரன் மொழிபெயர்த்தான்னு எழுதத் தோணும். செவந்த கழுத்து எல்லார் கண்ணுக்கும் தான் தெரியுது, வெள்ளக்காரன் தானாவும் அப்படி சொல்லியிருக்கலாம், அதனால இங்கிலீஷ்ல முதல் அச்சுக்கு முந்தின வருஷத்து பெங்காலியோ மலையாளமோ தமிழோ எழுத்து ஆதாரம் கைக்கு வந்தா தான் அந்தக் கோட்ட போடணும். நம்ம பழைய அகராதிகள், பாதிரிமாருங்க தொகுத்ததெல்லாம், ஸ்கேன்ல கிடைக்குது, அதுல ஓணான், ஓந்தி, ஒடக்கான்னு எல்லா வடிவத்தையும் போட்டு தேடுங்க, வெறும் பிளட்சக்கர்னு இங்கிலீஷ் பக்கம் தேடுனா அட்டைப் பூச்சியும் வட்டிக்காரனும் தான் வரிசையா வருவாங்க, கலோட்டஸ், மெட்ராஸ், சிலோன் இந்த மாதிரி ஒரு வார்த்தைய கூட சேத்துக்கோங்க.

எழுதி வைக்கிற முறை

ஒரு பேருக்கு ஒரு பக்கம். மேல அறிவியல் பேரு, வெச்சவர், வருஷம். அடில கண்ணால பாத்த அச்சு ஆதாரம் ஒவ்வொண்ணும் வருஷ வரிசைல, எந்தப் புத்தகம் எந்தப் பக்கம்ங்கறதோட. அதுக்கும் கீழ, தனியா, கேள்விப்பட்ட கதைகள். ரெண்டையும் கலந்துட்டீங்கன்னா ஆறு மாசம் கழிச்சு எது பாத்தது எது கேட்டதுன்னு உங்களுக்கே தெரியாது. பத்து வெப்சைட் ஒரே கதைய சொல்லுதுன்னா பத்து ஆதாரம்னு எண்ணாதீங்க, வரிக்கு வரி பாத்தா ஒண்ணப் பாத்து ஒண்ணு அடிச்ச காப்பியா தான் இருக்கும், ஏஐ கிட்ட கேட்டாலும் அந்தக் காப்பியத் தான் இன்னும் நல்ல நடைல சொல்லும்.

பழகுறதுக்கு அரணைய எடுங்க, இங்கிலீஷ்ல ஸ்கிங்க். கிரேக்கத்துல ஸ்கிங்கோஸ், லத்தீன்ல ஸ்கிங்கஸ்னு போற பேரு, ஆனா விலங்கியல் புத்தகத்துல மட்டும் தேடுனா பாதி கதை தான் கிடைக்கும், ஏன்னா எகிப்து பக்கத்து மணல் அரணைய காயவெச்சு ஐரோப்பாவுல மருந்துச் சரக்கா வித்துக்கிட்டு இருந்தாங்க, பேரு அந்த சரக்கோடயே பயணம் பண்ணியிருக்கு. அதனால பழைய மருந்துப் புத்தகங்கள்லேர்ந்து ஆரம்பிங்க, எழுத்துக்கூட்டல எஸ்சி, எஸ்கே ரெண்டு மாதிரியும் போட்டுப் பாருங்க.